டீசல் போடும் நான் எந்தக் கணக்கில் பொறுப்பேற்க வேண்டும்?

கேள்வி: ஒட்டன்சத்திரம் வண்டிக்காரர் (12 நவம்பர் 2025)

அனைவருக்கும் வணக்கம். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து மதுரைக்கு லோடு ஏற்றிச் செல்லும் சிறிய சரக்கு வண்டி ஒன்றைப் பதினோரு ஆண்டுகளாகச் சொந்தமாக வைத்து ஓட்டி வருகிறேன். போய்வர ஏறத்தாழ 200 கிலோமீட்டர். போகும்போது முக்கால் டன் காய்கறி இருக்கும். திரும்பும்போது பெரும்பாலும் வெறும் வண்டிதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கிடைக்கிறது. நாளொன்றுக்குப் பன்னிரண்டரை லிட்டர் டீசல் செலவாகிறது. லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 1,150 ரூபாய். டயர், இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), சுங்கச்சாவடி ஆகியவற்றையும் கழித்துவிட்டால் கையில் நிற்பது என்ன என்பதை வண்டி வைத்திருப்பவர்கள் அறிவார்கள்.

என் மகள் கல்லூரியில் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கிறாள். இந்த வாரம் பிரேசில் நாட்டின் பெலேம் நகரில் தொடங்கியிருக்கும் பருவநிலை மாநாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, எரிபொருள் விலை உயர்ந்தால்தான் மக்கள் தூய ஆற்றலுக்கு மாறுவார்கள் என்றும், ஆகவே டீசல் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது சரியன்று என்றும் சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் இரவு முழுவதும் அந்தப் பேச்சு மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. மழை தவறுவதையும், ஒரே நாளில் கொட்டித் தீர்ப்பதையும், தக்காளி விலை தாறுமாறாக ஏறி இறங்குவதையும் சந்தையில் நிற்கும் நான் நாள்தோறும் பார்க்கிறேன். அவள் சொல்வதைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நான் டீசலுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பெரும் பங்கு வரியாகப் போகிறது என்கிறார்கள். அந்த வரி இந்தக் கேட்டைச் சரிசெய்யத்தான் போகிறதா? நான் மின்சார வண்டிக்கு மாறினால் புகை உண்மையிலேயே குறையுமா, அல்லது வேறோர் இடத்துக்குப் போய்ச் சேருமா? அமெரிக்காவும் ஐரோப்பாவும் இருநூறு ஆண்டுகளாக எரித்ததற்கு ஒட்டன்சத்திரத்து வண்டிக்காரன் ஏன் பதில் சொல்ல வேண்டும்? விவரம் அறிந்தவர்கள் கணக்கோடு விளக்கினால் என் மகளிடமும் காட்டுவேன்.

பதில் 1: பழைய கணக்கர்

ஐயா, வரிக் கணக்குகளோடு முப்பது ஆண்டுகள் காலம் தள்ளியவன் என்பதால் தங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஒன்றிய அரசின் கலால் வரி, 2025 ஏப்ரலில் 2 ரூபாய் கூட்டப்பட்ட பிறகு, ஒரு லிட்டர் டீசலுக்கு 17.80 ரூபாய். தமிழ்நாட்டின் மதிப்புக் கூட்டு வரி 11 சதவீதம், அதன்மேல் லிட்டருக்கு 9.62 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 92 ரூபாயில் 35 ரூபாய் அளவுக்கு வரி. தங்கள் ஒரு நாள் ஓட்டத்துக்கு இது 440 ரூபாய்க்கு அருகே வரும்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.68 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 35 ரூபாயை இதனால் வகுத்துப் பாருங்கள்: ஒரு டன் கரியமில வாயுவுக்குத் தாங்கள் 13,000 ரூபாய் கட்டுகிறீர்கள். இப்போது நிலக்கரியைப் பார்ப்போம். தூய ஆற்றலுக்கென்றே 2010இல் நிலக்கரி மீது டன்னுக்கு 50 ரூபாய் வரி விதிக்கப்பட்டது. 2014இல் 100, 2015இல் 200, 2016இல் 400 ரூபாய் என்று அது உயர்ந்தது. நம் நாட்டு நிலக்கரி ஒரு டன் எரிந்தால் ஒன்றரை டன் அளவுக்குக் கரியமில வாயு வரும் என்று கொண்டால், அந்த 400 ரூபாயும்கூட ஒரு டன் கரியமில வாயுவுக்கு 270 ரூபாய்க்குள்தான் அடங்குகிறது. அதே வாயு, அதே வானம். ஆனால் வண்டிக்காரர் கட்டுவது அனல்மின் நிலையம் கட்டியதைப் போல ஐம்பது மடங்குக்குச் சற்றுக் குறைவு. டீசல் வரி சாலைக்கும் சேர்த்துத்தானே என்று ஒருவர் வாதிடலாம். அது நியாயமான வாதம்தான். ஆனால் சாலைக்கு என்று பாதியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இடைவெளி இருபது மடங்குக்கு மேல் இருக்கிறது.

அந்த நிலக்கரி வரிப் பணத்துக்கு என்ன ஆயிற்று என்பது இன்னும் வருத்தம் தரும் கதை. தேசியத் தூய ஆற்றல் நிதியம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வசூலான தொகையில் ஒரு பகுதிதான் அதற்குப் போனது. போனதிலும் ஒரு பகுதிதான் செலவாயிற்று. 2017இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வரியே மாநிலங்களுக்கான இழப்பீட்டுக் கணக்குக்குள் கரைந்துவிட்டது. பெயரில் மட்டும் தூய்மை இருந்தது.

டீசல் வரிக்கு அந்தப் பெயர்கூட இல்லை. 2020இல் கொரோனா முடக்கத்தின்போது கச்சா எண்ணெய் விலை உலகச் சந்தையில் விழுந்ததும், அந்த ஆண்டு மார்ச்சிலும் மே மாதத்திலுமாக டீசல் மீதான கலால் வரியை லிட்டருக்கு 16 ரூபாய் உயர்த்தி 31.83 ரூபாய்க்குக் கொண்டுபோனார்கள். பருவநிலையை எண்ணி அதைச் செய்யவில்லை. கருவூலம் காலியாக இருந்தது, கைக்கு எட்டிய தூரத்தில் டீசல் இருந்தது, அவ்வளவுதான். பிறகு 2021 நவம்பரில் 10 ரூபாயும் 2022 மே மாதத்தில் 6 ரூபாயும் குறைத்தார்கள். ஏறியபோதும் இறங்கியபோதும் கரியமில வாயு யார் நினைவிலும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆகவே தங்கள் மகள் சொல்லும் கோட்பாட்டில் பிழையில்லை. ஆனால் தாங்கள் கட்டும் வரி அந்தக் கோட்பாட்டுக்காக வசூலிக்கப்படுவதன்று.

பதில் 2: ஆரல்வாய்மொழிக் காற்று

கணக்கர் ஐயா டீசலை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிட்டார். காற்றாலைகளுக்கு நடுவே உள்ள துணைமின் நிலையம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எனவே மின்சார வண்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

தங்களுடையதைப் போன்ற சிறு சரக்கு வண்டியின் மின்சார வகை, லோடோடு ஓடும்போது கிலோமீட்டருக்கு 0.2 யூனிட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட். இந்திய மின்தொகுப்பில் சராசரியாக ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆகவே 14 கிலோ. அதே தொலைவுக்குத் தங்கள் டீசல் வண்டி ஆறேகால் லிட்டர் குடித்து 16.75 கிலோ வெளியிடுகிறது. வித்தியாசம் இரண்டே முக்கால் கிலோ. விளம்பரங்களைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இந்தக் கணக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். தாங்கள் ஐயப்பட்டது சரியே: புகையின் பெரும்பகுதி வண்டியின் பின்புறத்திலிருந்து வடசென்னைக்கும் மேட்டூருக்கும் தூத்துக்குடிக்கும் இடம்பெயர்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்த தண்ணீரில் வலை வீசுபவரிடம் போய், மதுரைக்குத் தூய வண்டியில் தக்காளி போகிறது என்று சொல்லிப் பாருங்கள்.

ஆனால் அந்த 0.7 என்பது சராசரி என்பதை மறந்துவிடக் கூடாது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் புகுந்து வீசும் மே முதல் செப்டம்பர் வரையான மாதங்களில், எங்கள் பகுதியில் காற்றாலைகள் ஓடத் தயாராக நிற்கும்போதே உற்பத்தியைக் குறைக்கச் சொல்லித் தகவல் வரும். எடுத்துக்கொள்ள ஆளில்லை, அல்லது கொண்டுசெல்லக் கம்பியில் இடமில்லை. காற்று வீசிக்கொண்டிருக்க, இறக்கைகள் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். அந்த நேரத்தில் கூடுதலாக ஒருவர் வண்டிக்குச் சார்ஜ் ஏற்றினால் அதனால் வரும் புகை ஏறக்குறைய இல்லை. ஜனவரி மாதத்து இரவு பதினொரு மணிக்கு ஏற்றினால் அது பெரும்பாலும் நிலக்கரி. ஒரே வண்டி, ஒரே பேட்டரி. ஏற்றும் நேரத்தைப் பொறுத்துத்தான் அது தூய வண்டியா இல்லையா என்பது முடிவாகிறது.

1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் முதல் காற்றாலைகள் நின்றதிலிருந்து இன்று பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிய நிலை வரை தமிழ்நாடு வந்திருக்கிறது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இலேயே வந்துவிட்டது. குறைவாக இருப்பது சேமிப்பு. பகலில் மிஞ்சும் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரை மேலே ஏற்றி, மாலையில் இறக்கி மின்சாரம் எடுக்கும் நிலையம் என்று வால்பாறைப் பக்கம் கடம்பாறையில் 400 மெகாவாட் இருக்கிறது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்குத் தொடங்கிய வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போனது. வண்டிக்காரரைப் பார்த்து மாறு என்று சொல்வதற்கு முன்னால் இந்த வேலைகள் முடிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

செலவைப் பொறுத்தவரை மின்சாரம்தான் மலிவு. யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் 100 கிலோமீட்டருக்கு 200 ரூபாய். டீசலுக்கு 575 ரூபாய். இந்த 375 ரூபாய் வேறுபாட்டில் ஏறத்தாழ 220 ரூபாய், டீசல் வரியிலிருந்து தப்புவதால் கிடைப்பது என்பதையும் கவனியுங்கள். எல்லோரும் மாறிவிட்டால் அரசு அந்த வரியை மின்சாரத்தின் மீதோ சாலையின் மீதோ கொண்டுவராமல் இருக்காது. இன்னொன்று, தங்களுக்குப் போய்வர 200 கிலோமீட்டர். இந்தச் சிறு வண்டிகளுக்கு நிறுவனங்கள் சொல்லும் தொலைவே ஒரு சார்ஜில் 150 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. மதுரையில் லோடு இறக்கும் இடத்தில் சார்ஜ் ஏற்ற வசதி உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

பதில் 3: வடமராட்சி வாசகர்

ஐயா, விலை ஏறினால் மக்கள் மாறுவார்கள் என்ற பேச்சுக்கு நாங்கள் ஒரு பரிசோதனைச் சாலையாக இருந்தோம் என்பதால் இதனை எழுதுகிறேன்.

2022 யூன் மாத இறுதியில் இலங்கையில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாயும் டீசல் 460 ரூபாயும் ஆனது. அதுவும் கிடைத்தால்தான். எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசை நின்றது. பிறகு கியூ.ஆர். அட்டை வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் என்று அளந்து தந்தார்கள். சைக்கிள்கள் வீதிக்குத் திரும்பின. வெளிநாட்டுப் பத்திரிகைகள் அதைப் படம் பிடித்துப் போட்டன. ஆனால் அதனைத் தூய போக்குவரத்து என்று எங்களில் எவரும் கொண்டாடவில்லை, ஏனென்றால் அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏற்றப்பட்டபோது, சிறு படகுகளில் தொழில் செய்த கடற்றொழிலாளர்கள் மாறிக்கொள்வதற்கு வேறொரு எரிபொருள் இருக்கவில்லை. அவர்கள் படகைக் கரையில் இழுத்து வைத்தார்கள். மாற்று இல்லாத இடத்தில் விலை உயர்வு ஒருவரைத் தொழிலிலிருந்துதான் அகற்றும்.

தூய ஆற்றலும் எங்களுக்குச் சுலபமாக வரவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததால் தீவு முழுவதும் இருண்டது (இதை நான் கற்பனை செய்யவில்லை). அதன்பின் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறையும் என்பதால், கூரையில் சூரிய மின்தகடு வைத்திருப்பவர்கள் பகலில் அவற்றை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. ஆரல்வாய்மொழி ஐயா சொல்லும் அதே சேமிப்புக் குறைதான் இங்கும். மன்னாரில் காற்றாலைகளை எதிர்த்து மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். வலசை வரும் பறவைகளின் வழி அது, தாழ்நிலத்தில் மழைநீர் வடியாமல் தேங்குகிறது என்றெல்லாம் சொன்னார்கள். கொழும்பில் குளிரூட்டி ஓடுவதற்கு மன்னார்த் தீவு ஏன் இடம் கொடுக்க வேண்டும் என்ற அவர்களுடைய கேள்விக்கும், அமெரிக்கா எரித்ததற்கு நான் ஏன் பொறுப்பு என்ற தங்கள் கேள்விக்கும் அடிப்படையில் வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பதில் 4: ஸ்கார்பரோ தமிழன்

பிறந்தது திண்டுக்கல் பக்கம், இப்போது இருப்பது டொரொன்டோவில். பொறுப்பு யாருடையது என்பதைப் பற்றி, அந்தப் பொறுப்பு அதிகம் உள்ள நாட்டிலிருந்து எழுதுகிறேன்.

நான் வாழும் கனடாவில் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 14 டன் கரியமில வாயு; இந்தியாவில் 2 டன்னைச் சற்றே தாண்டும். இதுவரை உலகம் எரித்துச் சேர்த்த வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்கா ஒன்றினுடையது. இந்தியாவின் பங்கு அதில் நான்கு விழுக்காட்டைத் தாண்டாது. 1992இல் ரியோவில் கூடிய ஐ.நா. மாநாட்டில் "பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்" என்று எழுதி நாடுகள் கையெழுத்திட்டன. 2009இல் கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டில், 2020 முதல் பணக்கார நாடுகள் ஆண்டுக்கு 100 பில்லியன் டாலர் ஏழை நாடுகளுக்குத் திரட்டுவோம் என்றார்கள். இரண்டு ஆண்டுகள் தாமதமாக 2022இல்தான் அது எட்டப்பட்டது, அதிலும் பெரும்பகுதி கடன். சென்ற ஆண்டு (2024) பாகு மாநாட்டில் 2035க்குள் ஆண்டுக்கு 300 பில்லியன் என்றபோது, இந்தியப் பிரதிநிதி அங்கேயே எழுந்து அதை ஏற்க மறுத்தார். நாடுகளுக்கிடையிலான கணக்கில் தங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் நாட்டுச் சராசரிக்குப் பின்னால் பலர் ஒளிந்துகொள்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையில் மூன்று குளிரூட்டிகளும் இரண்டு கார்களும் வைத்துக்கொண்டு ஆண்டுக்கு இரண்டு முறை வெளிநாடு போய் வருபவரும் அந்த 2 டன் சராசரியைக் காட்டியே பேசுகிறார். நானும் யோக்கியனில்லை: ஊருக்கு ஒருமுறை வந்து திரும்பும் என் விமானப் பயணம் மட்டுமே இரண்டு டன்னுக்குக் குறையாது. 1944ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கையும் அதையொட்டி நாடுகள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்களும் பன்னாட்டு விமானங்களின் எரிபொருளைப் பெரும்பாலும் வரிக்கு வெளியே வைத்திருக்கின்றன. தாங்கள் நாளொன்றுக்கு 440 ரூபாய் கட்டுகிறீர்கள். என் பயணத்தின் எரிபொருளுக்கு ஏறக்குறைய எவரும் வரி கட்டவில்லை.

இங்கே ஒன்றிய அரசு 2019 முதல் எரிபொருள் மீது கரிமக் கட்டணம் வசூலித்தது. 2024இல் அது ஒரு டன் கரியமில வாயுவுக்கு 80 கனடிய டாலர், பெட்ரோலுக்கு லிட்டருக்கு 17.6 சென்ட். வசூலில் பெரும்பகுதியைக் குடும்பங்களுக்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கியில் போட்டார்கள்; ஒன்டாரியோவில் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,120 டாலர் வந்தது. குறைவாக எரிப்பவருக்கு இது இலாபம். ஆனால் கட்டணம் பெட்ரோல் பங்கில் எல்லார் கண்ணிலும் பட்டது. திரும்பி வந்த பணம் வங்கிக் கணக்கில் ஏதோ ஒரு குறியீட்டோடு விழுந்து கவனிக்கப்படாமல் போனது. 2025 ஏப்ரல் 1 முதல் மக்கள் மீதான அந்தக் கட்டணத்தையே நீக்கிவிட்டார்கள்.

தங்கள் வண்டி ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் பத்து டன் கரியமில வாயு வெளியிடும். ஆனால் அந்தப் பத்து டன்னைத் தங்கள் பெயரில் எழுதுவது பிழை. முக்கால் டன் காய்கறி, 33 கிலோ வாயு. ஒரு கிலோ தக்காளிக்கு 45 கிராம். மதுரையில் அதை வாங்கிச் சமைப்பவர் பெயரில்தான் அது எழுதப்பட வேண்டும். வரியும் அப்படியே: கிலோவுக்கு 60 காசுக்குள். அந்த 60 காசு தக்காளி வாங்குபவரிடம் போய்ச் சேராமல் தங்கள் கூலியிலேயே நின்றுவிடுகிறது என்றால், சிக்கல் டீசல் விலையில் இல்லை, தங்கள் வாடகை முடிவாகும் விதத்தில் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்: ஒட்டன்சத்திரம் வண்டிக்காரர் (16 நவம்பர் 2025)

நான்கு பேருக்கும் நன்றி. மகளும் நானும் சேர்ந்து இருமுறை படித்தோம். கணக்கர் ஐயாவின் ஐம்பது மடங்குக் கணக்கை அவள் தனியாகப் போட்டுப் பார்த்துச் சரி என்றாள். விலை ஏற வேண்டும் என்ற தன் கருத்தை விடவில்லை. நிலக்கரிக்கும் விமானத்துக்கும் முதலில் ஏறட்டும் என்று மட்டும் திருத்திக்கொண்டாள்.

அந்த 60 காசு என் மனத்தில் நின்றுவிட்டது. நேற்றுக் கமிஷன் மண்டியில் வாடகையை டீசல் விலையோடு சேர்த்து ஏற்றி இறக்கலாமா என்று கேட்டேன். வேறு வண்டி வரிசையில் நிற்கிறது என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார். தனி ஒருவனாகக் கேட்டால் அந்தப் பதில்தான் வரும். ஆகவே மதுரை வழியில் ஓடும் மற்ற வண்டிக்காரர்களிடம் பேசத் தொடங்கியிருக்கிறேன்.

மின்சார வண்டியை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். 200 கிலோமீட்டருக்கு அது ஒத்துவராது, கடனும் எனக்குத் தாங்காது. ஆனால் கிலோவுக்கு இத்தனை கிராம் என்ற கணக்கைப் பார்த்தபோதுதான், பாதி வழியை வெறும் வண்டியாக ஓட்டுகிறேன் என்பது உறைத்தது. திரும்பும்போது அரை டன் மளிகைச் சரக்கு கிடைத்தாலே இன்னொரு வண்டி அதற்காக ஓட வேண்டியிருக்காது. மதுரையிலிருந்து திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் பக்கம் அனுப்பச் சரக்கு வைத்திருப்பவர்கள் இங்கே இருந்தால், மாலை நான்கு மணிக்குமேல் வண்டி காலியாகத்தான் இருக்கும்.